குன்னூர்ல இருந்து ஜெய்சால்மருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வணக்கம்ங்க. போன இதழ்ல ராஜஸ்தான் பாலைவனத்துல இருக்கிற ஜெய்சால்மர் போயிட்டு வந்ததை பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. கோத்தகிரி, கேத்தி, கூடலூர், அருவங்காடுன்னு நம்ம மாவட்டம் பூரா எழுதியிருக்கீங்க, கொடைக்கானல்ல இருந்து கூட ஒருத்தர் கேட்டிருக்கார். மூடுபனியும் சோலையும் பார்த்தே வளர்ந்த நமக்கு மணலை பார்க்கணும்னு ஆசை வர்றது எனக்கு நல்லாவே புரியுது. நான் ரெண்டு தடவை போயிட்டேன், இன்னும் போவேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை சேர்த்து பதில் எழுதியிருக்கேன்.

பசங்களுக்கு அரையாண்டு லீவுல போகலாம்னு இருக்கோம் அக்கா. எப்படி போறது, எத்தனை நாள் வேணும்? (வாசகி, கோத்தகிரி)

முடிஞ்சா அரையாண்டு லீவு வேண்டாம்மா. டிசம்பர் கடைசி வாரம் அங்க கூட்டம்னா கூட்டம், மே மாசம் நம்ம ஊட்டி எப்படியோ அப்படி, ரூம் வாடகையும் ரெண்டு மடங்கு மூணு மடங்கு கேப்பாங்க. பொங்கல் லீவோட நாலு நாள் சேர்த்து போட முடிஞ்சா அதுதான் நல்லது. அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் சீசன், ஏப்ரல் மே பக்கமே போகாதீங்க, வெயில் 42, 45 டிகிரின்னு போகும், நம்ம உடம்பு தாங்காது.

கீழ இறங்கி கோயம்புத்தூர்ல இருந்து வாரம் ஒரு தடவை ஹிசார் போற ஏசி ரயில் இருக்கு, கொங்கண் வழியா போய் ஜோத்பூர்ல நிக்கும். கிட்டத்தட்ட ரெண்டு நாள் ஆகும், ஆனா பசங்களுக்கு அந்த கொங்கண் பாதையே ஒரு டூர் மாதிரிதான். ஜோத்பூர்ல இருந்து ஜெய்சால்மருக்கு ரயில்லயோ கார்லயோ அஞ்சாறு மணி நேரம். அந்த வழி மட்டும் பகல்ல போங்க, பச்சை கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு புதராகி அப்புறம் வெறும் கல்லும் மணலுமா மாறுறதை ஜன்னல்ல இருந்து பார்த்துக்கிட்டே வரலாம்.

ஊருல முழுசா மூணு நாள் இருந்தா திருப்தியா பார்க்கலாம். முதல் நாள் கோட்டை, பட்வா ஹவேலி, சாயங்காலம் கடிசர் ஏரி. பட்வா ஹவேலிங்கறது ஒரு வியாபாரி குடும்பம் 1805ல ஆரம்பிச்சு வரிசையா கட்டின அஞ்சு வீடு, கல்லுல ஜன்னல் செதுக்கியிருக்கிறதை பார்த்தா தேக்குல செதுக்கினதோன்னு தொட்டு பார்க்க தோணும். ரெண்டாவது நாள் குல்தராங்கிற காலியான பழைய ஊர், அப்படியே மணல் மேடு. மூணாவது நாள் கல்மரம் இருக்கிற அகல், லோதுர்வா, ராஜாக்களோட நினைவு மண்டபம் இருக்கிற படா பாக். லோதுர்வா ஜெய்சால்மருக்கு முன்னாடி பட்டிங்கிற ராஜபுத்திர வம்சத்தோட தலைநகரா இருந்த ஊர், இப்ப அங்க ஒரு அழகான சமண கோயில்தான் மிச்சம். இன்னொரு விஷயம், அது நாட்டோட மேற்கு ஓரம், ஜனவரியில 7 மணிக்கு மேலதான் விடியும், அதனால காலையில 6 மணிக்கே பசங்களை எழுப்பி கிளப்பாதீங்க, வெளிய கும்மிருட்டா இருக்கும்.

கோட்டைக்குள்ளயே ஓட்டல் இருக்குன்னு சொல்றாங்க. உள்ள தங்கினா நல்லா இருக்குமா? (ரிட்டயர்டு தேயிலை ஃபாக்டரி ஊழியர், குன்னூர்)

சார், இந்த கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், மன்னிக்கணும்.

1156ல ராவல் ஜெய்சல் திரிகூட மலைன்னு ஒரு சின்ன குன்று மேல கட்ட ஆரம்பிச்ச கோட்டை அது. மஞ்ச கல்லு, 99 கொத்தளம், சாயங்கால வெயில் பட்டா தேன் கலர்ல மின்னும். 2013ல ராஜஸ்தானோட இன்னும் அஞ்சு மலைக்கோட்டைகளோட சேர்த்து யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. மத்த கோட்டை மாதிரி டிக்கெட் வாங்கி பார்த்துட்டு வர்ற வெறும் கட்டடம் இல்ல, உள்ள இன்னிக்கும் ஆயிரக்கணக்கான ஜனம் குடியிருக்கு, சந்துல பால்காரர் பைக் வரும், மாடு படுத்திருக்கும், பாட்டிங்க திண்ணையில உக்காந்து சமையலுக்கு சாங்கிரிங்கிற காயை காய வெச்சிட்டு இருப்பாங்க. சமண கோயில் ஏழு இருக்கு, தோல் பெல்ட், பர்ஸ் எதுவும் உள்ள விட மாட்டாங்க, கழட்டி வெச்சிட்டு போங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா, அந்த குன்று கெட்டி பாறை இல்ல. மணற்கல்லு, நடு நடுவுல களிமண், ஷேல்ங்கிற மெல்லிசா பிரியுற கல்லு. கட்டினவங்களுக்கு அது தெரியும், அதனாலதான் மழைத்தண்ணி ஒரு சொட்டு கூட உள்ள நிக்காம வெளிய ஓடுறதுக்கு கூட் நாலின்னு வடிகால் வெச்சு கட்டினாங்க. அந்த காலத்துல கோட்டைக்குள்ள குழாயே கிடையாது, பொம்பளைங்க கீழ கடிசர் ஏரியில இருந்து குடத்துல தலையில சுமந்து மேல கொண்டு வந்தாங்க, அப்படி கொண்டு வந்த தண்ணிய யார் வீணாக்குவா? அப்புறம் குழாய் வந்துச்சு, டூரிஸ்ட் வந்தாங்க, வீடெல்லாம் ஓட்டலாச்சு, ரூமுக்கு ரூம் ஷவர், ஃப்ளஷ். போற தண்ணியில ஒரு பங்கு கசிஞ்சு அடியில இருக்கிற களிமண்ணுக்குள்ள இறங்குது, களிமண் ஊறி நெகிழுது, மேல இருக்கிற சுவர் சரியுது. ஏற்கனவே சில கொத்தளம் இடிஞ்சு விழுந்திருக்கு, சுவர் விழுந்து உயிரும் போயிருக்கு.

முதல் தடவை போனப்ப இதெல்லாம் தெரியாம நாங்களும் உள்ளதான் தங்கினோம். ரூம் ரொம்ப அழகு, ஜன்னல் வழியா பூரா ஊரும் தெரியும். ஆனா பாத்ரூம் சுவர்ல தரையில இருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்துச்சு, அதுக்கு மேல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. விரலால லேசா தேய்ச்சேன் சார், அந்த கல்லு ரவை மாதிரி உதிர்ந்து என் கையில வந்துச்சு. எண்ணூறு வருஷத்துக்கு மேல நிக்கிற கோட்டை. அன்னிக்கு ராத்திரி குளிக்கவே மனசு வரல. மறுநாளே கீழ ஊருக்குள்ள ரூம் மாத்திட்டோம்.

அதனால என் பதில், உள்ள தங்க வேண்டாம், கீழ தங்குங்க. கீழ தங்கினா இன்னொரு லாபம், மொட்டை மாடியில இருந்து கோட்டைய முழுசா பார்க்கலாம், உள்ள இருந்தா அது தெரியாதே. உள்ள போய் சாப்பிடுங்க, கடையில சாமான் வாங்குங்க, அங்க குடியிருக்கிறவங்க பொழப்பு நடக்கணும். இதை நம்மள விட யாருக்கு நல்லா புரியும் சொல்லுங்க? ஏப்ரல் மே வந்தா நம்ம ஊர்ல ஓட்டல்ல எல்லாம் சுடுதண்ணி 24 மணி நேரம் ஓடுது, நாம தெருவுல குடத்தோட லாரிக்கு நிக்கிறோம். வர்ற வண்டிய கணக்கெடுக்க 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வரைக்கும் வந்தாச்சு. நம்ம ஊருக்கு வர்றவங்க எப்படி நடந்துக்கணும்னு நாம ஆசைப்படுறோமோ, அங்க போய் நாம அப்படி இருக்கணும் சார்.

கடிசர் ஏரிய சாயங்காலம் கண்டிப்பா பாருங்க. ராவல் கட்ஸி சிங் பேர்ல இருக்கிற ஏரி, பல நூறு வருஷம் அந்த ஊருக்கே குடிதண்ணி கொடுத்தது. அதுக்கு போற வாசல் வளைவை திலோன்னு ஒரு தாசி கட்டினதா சொல்றாங்க. ஒரு தாசி கட்டின வாசல் வழியா நாங்க போறதான்னு அரண்மனையில எதிர்ப்பு வந்ததாம், அந்தம்மா வளைவு மேல ஒரு கிருஷ்ணர் கோயில் கட்டிட்டாங்களாம், அப்புறம் யார் இடிப்பா? கதைதான், ஆனா வளைவு இன்னிக்கும் நிக்குது.

குல்தராவுல பேய் இருக்கிறது நிஜமா? ராத்திரி போக முடியுமா? (கல்லூரி மாணவர், கொடைக்கானல்)

தம்பி, பேய் இல்லப்பா. ராத்திரி உள்ள விடவும் மாட்டாங்க, காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போ. ஜெய்சால்மர்ல இருந்து 18 கிலோமீட்டர்தான். பாலிவால் பிராமணங்க பல நூறு வருஷம் வாழ்ந்த ஊர், 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல காலி ஆயிடுச்சு. திவான் சாலிம் சிங் வரி போட்டு கொடுமை பண்ணினான், ஊர்த்தலைவர் பொண்ணு மேல கண்ணு வெச்சான், அதனால ஒரே ராத்திரியில எல்லாரும் சாபம் விட்டுட்டு கிளம்பிட்டாங்கன்னு கைடு சொல்லுவார். கிணத்துல தண்ணி வத்திப்போனது, நிலநடுக்கம்னு வேற காரணமும் ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க.

நீ அங்க போய் பார்க்க வேண்டியது வேற. தெரு எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும், கூரை இல்லாத வீடு நூத்துக்கணக்குல. வருஷத்துக்கு நாலு தடவை மழை பெஞ்சா அதிகம்ங்கிற இடத்துல இவ்வளவு பெரிய ஊர் எப்படி சோறு தின்னுச்சுன்னு யோசி. அதுக்கு பதில் கடீன். மேடான கல் நிலத்துல விழுற மழை வழிஞ்சு பள்ளத்துக்கு ஓடி வரும்ல, அங்க நீளமா ஒரு மண் கரை போட்டு அந்த தண்ணிய நிறுத்திடுவாங்க. அது மண்ணுக்குள்ள ஊறி இறங்கினதும் அந்த ஈரத்துலயே கோதுமை, கொண்டக்கடலை விதைச்சு அறுத்துடுவாங்க, மேற்கொண்டு ஒரு சொட்டு பாய்ச்ச வேண்டாம். பாலிவால்கள் இதுல கெட்டிக்காரங்க. குல்தராவுல இருந்து காபாங்கிற ஊருக்கு போற வழியில நிறுத்தி பாரு, வறண்ட பூமி நடுவுல திடீர்னு ஒரு துண்டு பச்சை, அதான் கடீன். பேய் வீடியோ எடுக்கிறவங்க யாரும் இதை காட்ட மாட்டாங்க.

அம்மாவுக்கு 68 வயசு, மூட்டு வலி. ஒட்டகத்துல ஏத்தலாமா? குளிர் எப்படி? (வாசகி, கேத்தி)

குளிருக்கு பயப்படாதீங்க, தலைகுந்தாவுல உறைபனி பார்த்தவங்க நாம. ஜனவரி ராத்திரி அஞ்சாறு டிகிரிக்கு வரும், நம்ம வீட்டு ஸ்வெட்டர், குல்லா போதும். ஆனா இது ஈரக்குளிர் இல்ல, வறண்ட காத்து, உதடு மூக்கெல்லாம் வெடிச்சிடும், தேங்கா எண்ணெயோ வாசலினோ கையிலயே வெச்சுக்கோங்க. பகல்ல வெயில் சுள்ளுன்னு இருக்கும், தண்ணி தாகம் தெரியாது, அம்மாவுக்கு மணிக்கொரு தடவை நீங்களே ஞாபகப்படுத்தி குடிக்க வைங்க.

ஒட்டகம்னா எழுந்திருக்கிறதும் உக்கார்றதும்தான் கஷ்டம், நடக்கிறப்ப ஒண்ணும் இல்ல. எழுந்திரிக்கும்போது முதல்ல பின்னங்காலை தூக்கும், உக்காந்திருக்கிறவங்க அப்படியே முன்னாடி சாய்ஞ்சிடுவாங்க, அடுத்த செகண்டு முன்னங்கால். உக்கார்றப்ப முன்னங்கால முதல்ல மடக்கும், மறுபடியும் முன்னாடி சாய்வாங்க. ரெண்டு தடவையும் உடம்பை பின்னாடி சாய்ச்சு சேணத்து கட்டைய கெட்டியா பிடிச்சுக்கணும். மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு காலை அகட்டி உக்கார்றதே சிரமம். ஒட்டக வண்டி இருக்கு, கட்டில் மாதிரி பலகை போட்டு மெத்தை விரிச்சிருப்பாங்க, அம்மாவை அதுல உக்கார வைங்க, சந்தோஷமா வருவாங்க.

எந்த மணல் மேடுன்னும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. சாம் 40 கிலோமீட்டர், மணல் பெருசு, கூட்டமும் பெருசு. நாங்க முதல் தடவை அங்க ஒரு டென்ட்டுல புக் பண்ணி, அமைதியா நட்சத்திரம் பார்க்கலாம்னு போனா ராத்திரி 12 மணி வரைக்கும் டிஜே பாட்டு, கேட்டா பேக்கேஜ்ல அதுவும் சேர்த்திதான்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது தடவை தென்மேற்கு பக்கம் இருக்கிற கூரி போனோம். மணல் மேடு சின்னதுதான், ஆனா பக்கத்துலயே கிராமம், மண் வீடு, ராத்திரி ரெண்டு மாங்கணியார் பாட்டுக்காரங்க வந்து மைக் இல்லாம பாடினாங்க. தலைமுறை தலைமுறையா பாட்டையே தொழிலா வெச்சிருக்கிற முஸ்லிம் ஜனங்க, இந்து வீட்டு கல்யாணத்துக்கும் அவங்கதான் பாடணும். கமாய்ச்சான்னு ஒரு வாத்தியம், வில் வெச்சு வாசிக்கிறது, அந்த சத்தம் வயித்துக்குள்ள போய் உக்காந்துடும். புக் பண்றதுக்கு முன்னாடி டிஜே உண்டா இல்லையான்னு நேரடியா கேட்டு வாட்ஸப்புல எழுதி வாங்கிடுங்க.

கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) பார்க்க முடியுமா? (பறவை பார்க்கிற வாசகர், கூடலூர்)

பார்க்கலாம்னு சத்தியம் பண்ண முடியாது அண்ணா. பாலைவன தேசிய பூங்கா 3162 சதுர கிலோமீட்டர், ஜெய்சால்மர், பார்மர் ரெண்டு மாவட்டத்துலயும் பரவி கிடக்கு. சுதாசரி பக்கம் வேலி போட்ட புல்வெளியிலதான் வாய்ப்பு அதிகம், வனத்துறை அனுமதி வாங்கி விடியக்காலையில போகணும். நாங்க போனப்ப தூரத்துல ஒண்ணு, தலைய நிமித்திக்கிட்டு ரொம்ப நிதானமா புல்லுக்குள்ள நடந்து போச்சு, பைனாகுலர்ல அரை நிமிஷம். அவ்வளவுதான், ஆனா கண்ணு கலங்கிடுச்சு. ஒரு காலத்துல நம்ம தமிழ்நாட்டு பொட்டல்லயும் இருந்த பறவைங்க அது. ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் கனக்கும், கண்ணு பக்கவாட்டுல இருக்கிறதால நேர் எதிர்ல இருக்கிற கரண்ட் கம்பி சரியா தெரியாது, தெரிஞ்சாலும் அந்த கனத்தோட சட்டுன்னு திரும்ப முடியாது, மோதி செத்துப்போகுது. காத்தாலையும் சோலாரும் அங்க பெருகின பிறகு கம்பியும் பெருகிடுச்சு. சாம்ல கூண்டுல வளர்த்து பெருக்குற முயற்சி நடக்குது. டிரைவர் வண்டிய ரோட்டை விட்டு புல்லுக்குள்ள இறக்குறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அது தரையில முட்டை வெக்கிற பறவை.

ஸ்கூல் பசங்களை கூட்டிட்டு போனா பாடத்துக்கு உதவுற மாதிரி என்ன இருக்கு? (ஆசிரியை, ஊட்டி)

அகல் போங்க டீச்சர். பார்மர் ரோட்டுல 17 கிலோமீட்டர். 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி காடா இருந்த இடம், அந்த மரமெல்லாம் கல்லா மாறி கிடக்கு. கம்பி கூண்டு போட்டு மேல தகரம் போட்டிருப்பாங்க, பார்க்க எளிமையா இருக்கும், பசங்க இதுக்கா வந்தோம்னு கேப்பாங்க. அதனால முதல்ல நம்ம ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல இருக்கிற கல்மரத்தை காட்டிட்டு போங்க, அது 2 கோடி வருஷம், இது அதை விட ஒம்பது மடங்கு பழசுன்னு சொன்னா அவங்களே கணக்கு போட ஆரம்பிச்சிடுவாங்க. மரப்பட்டையோட வரி கூட கல்லுல தெரியும். இப்ப ஒரு நிழல் மரம் இல்லாத அந்த வெட்டவெளியில நின்னு அதை பார்க்கிறது பெரிய பாடம்.

சாப்பாடு ஒத்துக்குமா? (பல பேர்)

ஒத்துக்கும். நெய் தூக்கலா இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கோங்க. கேர் சாங்கிரின்னு ஒரு பொரியல் கண்டிப்பா சாப்பிடுங்க, அந்த சாங்கிரி வேற எதுவும் இல்ல, நம்ம கோயில்ல தல விருட்சமா கும்பிடுற வன்னி மரத்தோட காய்தான். அங்க அதை கேஜ்ரின்னு சொல்றாங்க. ஜோத்பூர் பக்கத்துல கேஜர்லின்னு ஒரு ஊர்ல 1730ல இந்த மரத்தை வெட்ட விடாம கட்டிப்பிடிச்சுக்கிட்டு பிஷ்னோய் ஜனங்க 363 பேர் உயிரை விட்டாங்க. திரும்பி வர்றப்ப காஞ்ச சாங்கிரி அரை கிலோ வாங்கிட்டு வாங்க, ராத்திரி ஊற வெச்சு நம்ம வத்தக்குழம்புல போட்டா அவ்வளவு பொருத்தமா இருக்கும்.

தனோட், லோங்கேவாலா போறதுக்கு ஒரு நாள் செலவு பண்ணலாமா? (முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன்)

உங்களுக்கு நான் சொல்லணுமா ஐயா, கண்டிப்பா போங்க. தனோட் மாதா கோயில் 120 கிலோமீட்டர், எல்லைப் பாதுகாப்பு படைதான் பூஜையில இருந்து எல்லாத்தையும் பார்த்துக்குது, 1965 சண்டையில விழுந்து வெடிக்காத குண்டுகளை அங்கயே வெச்சிருக்காங்க. 1971 டிசம்பர் 4 ராத்திரி சண்டை நடந்த லோங்கேவாலா அதே சுத்துல வந்துடும். ஆதார் கையில இருக்கட்டும், காலையிலயே கிளம்பிடுங்க, வழியில கடை ரொம்ப குறைவு.

மழையே பெய்யாத ஊர்ல ஜனங்களுக்கு குடிக்க தண்ணி எங்க இருந்து வருது? (5ஆம் வகுப்பு மாணவி, அருவங்காடு)

கண்ணு, இவ்வளவு பெரியவங்க கேட்டதுல உன் கேள்விதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. முதல்ல ஒரு கணக்கு. 2019 ஆகஸ்ட் மாசம் நம்ம அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு, உனக்கு அப்ப ரொம்ப சின்ன வயசு, வீட்டுல கேட்டு பாரு. ஜெய்சால்மர்ல ஒரு வருஷம் பூரா பெய்யறதே சுமாரா 20 சென்டிமீட்டர்தான். அவங்க நாலு வருஷம் காத்திருந்து பார்க்கிற மழைய நாம ஒரு நாள்ல பார்த்துட்டோம்.

இப்ப பஞ்சாப்ல இருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியா தண்ணி வருது. அதுக்கு முன்னாடி ஏரி, குளம், அப்புறம் பேரி. பேரின்னா ஒடுக்கமான கிணறு. சில இடத்துல மணலுக்கு அடியில ஜிப்சம்னு ஒரு படுகை இருக்கும், நீ சாக்பீஸ் பார்த்திருக்கேல்ல, அந்த மாதிரி பொருள்தான். பெஞ்ச மழை மணலுக்குள்ள இறங்கி அந்த படுகைக்கு மேலயே ஈரமா நின்னுக்கும், கீழ இருக்கிற உப்புத்தண்ணியோட கலக்காது. அங்க ஆழமா ஒரு குழி வெட்டினா அந்த ஈரம் சொட்டு சொட்டா கசிஞ்சு குழிக்குள்ள சேரும்.

கூரிக்கு போற வழியில ஒரு பேரி பார்த்தேன். வாய் நம்ம வீட்டு ஆட்டுக்கல்லை விட கொஞ்சம்தான் பெருசு, மேல மரப்பலகை போட்டு மூடி, அதுக்கு மேல ஒரு கல்லு. ஒரு அம்மா வந்து பலகைய நகர்த்திட்டு கயிறை விட்டாங்க, விட்டுக்கிட்டே இருந்தாங்க, வாளி தண்ணிய தொட்ட சத்தமே மேல கேக்கல. இழுத்து மேல வந்தப்ப வாளியில பாதிதான் இருந்துச்சு. எங்களுக்கு ஒரு சொம்பு கொடுத்தாங்க, நான் அண்ணாந்து குடிக்கிறப்ப ரெண்டு சொட்டு தவறி மணல்ல விழுந்துச்சு, அந்த அம்மாவோட கண்ணு சட்டுன்னு அந்த ஈரத்து மேல போச்சு. அங்கயே கீழ உக்காந்து, சொம்புல வாய் வெச்சு, சிந்தாம மிச்சத்தை குடிச்சு முடிச்சேன். நல்ல இனிப்பு தண்ணி கண்ணு.